முனை சேராத மாலை

அத்தியாயம் பதினேழு

போன கிழமை எலிசாவைத் திட்டி எழுதிய வாசகிகளுக்கு முதலில் ஒரு வார்த்தை. கட்டிய கணவனிடம்கூடச் சொல்லாமல் ஒருத்தி இப்படியொரு சேதியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிவாளா என்று கேட்டிருந்தீர்கள். திரிவாள். இரண்டு முறை ஊரெல்லாம் சொல்லிவிட்டு, இரண்டு முறையும் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீடு வந்தவள் திரிவாள். சூடு கண்ட பூனையை அடுப்படிக்குக் கூப்பிட்டுப் பாருங்கள், தெரியும்.

இன்றைக்குத்தான் முதல் தடவையாக இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்கும் குறையில்லாமல் சொல்லிவிடுகிறேன். எலிசா மன்னாரில் பிறந்து மொன்றியலில் வளர்ந்தவள். உபகாரச் சம்பளம் கிடைத்து ஹொனலுலுவில் போய் முதுகலை படித்தவள். இப்போது மொன்றியலில் செஜெப் என்ற புகுமுகக் கல்லூரி ஒன்றில் ஹவாய்த் தீவுகளின் வரலாறும் பண்பாடும் சொல்லிக் கொடுக்கிறாள். பங்குக் கோயிலில் அவளைக் காண்கிறவர்கள் எல்லாம், "ஹவாயில படிக்க என்ன கிடக்கு? கடற்கரையில ஆடுறதோ?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். அவளும் பதில் சொல்லி அலுத்துவிட்டாள்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடு. கணவன் றெனோல்ட் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறான், இரவு வேலை. மாமியார் புஷ்பராணி கூடவே இருக்கிறாள். மைத்துனி ஷெரோன் அதே கல்லூரியில் படிக்கிறாள். வேறு வகுப்பில் இடம் கிடைக்காமல் அண்ணியின் வகுப்பிலேயே வந்து விழுந்தவள்.

எலிசாவுக்கு மூன்றாம் மாதம் நடக்கிறது. அடுத்த கிழமை ஸ்கான். அதுவரைக்கும் கடவுளுக்கும், டொக்டருக்கும், வில்லரே பக்கத்தில் தமிழர் முகமே தென்படாத ஒரு மருந்துக்கடையைத் தேடிப் பிடித்து அவள் சோதனைப் பெட்டி வாங்கினாளே, அந்தக் கடைக்காரனுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமாகப் புஷ்பராணிக்குத் தெரியவே கூடாது.

புஷ்பராணி கெட்டவள் அல்ல. கெட்டவளாக இருந்தால் எவ்வளவோ சுகம். போன தடவை அவள் சந்தோஷம் தாங்காமல் கோயிலில் நன்றிப் பூசைக்குக் காசு கொடுத்து, பூசை முடிந்ததும் வாசலில் நின்று எல்லோருக்கும் கேக் கொடுத்தாள். பிறகு பிள்ளை தங்கவில்லை. கேக் சாப்பிட்ட அத்தனை பேரும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். அந்தப் பாவம் பார்க்கும் கண்களை எலிசா இன்னும் மறக்கவில்லை.

அன்று மே மாதம் முதலாம் திகதி. ஹவாயில் அது லெய் நாள். லெய் என்றால் மாலை. அன்று ஒருவருக்கொருவர் மாலை போட்டு மகிழ்வார்கள். எலிசாவின் வகுப்பிலும் அன்று லெய் நாள் விழா. மாணவர்களே பூக்கோத்து, வீட்டாரையும் ஆசிரியர்களையும் அழைத்திருந்தார்கள். இந்தப் பாடத்தை அடுத்த வருடமும் நடத்துவதா என்று முடிவு செய்யும் துறைப் பொறுப்பாளர் மதாம் கரோலும் வருவதாகச் சொல்லியிருந்தார்.

லெய்க்கென்று சில மரியாதைகள் உண்டு. போட வருபவரிடம் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. போட்டவர் கண்முன்னே கழற்றக் கூடாது. கர்ப்பிணிக்கு முனைகளைச் சேர்த்துக் கட்டிய மாலை போடுவதில்லை, அது பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றுவது போல என்பார்கள். அவளுக்கு முனை சேராத மாலைதான், துவாய்த் துண்டு போடுவது போலத் தோளில் போடுவார்கள்.

இதையெல்லாம் எலிசா பெப்ரவரியிலேயே வகுப்பில் சொல்லிவிட்டாள். "நம்பிக்கை அவர்களுடையது, மரியாதை நம்முடையது" என்று சொல்லி முடித்தாள். அன்றைக்கு அவளுக்குத் தன் சங்கதி தெரியாது.

ஏப்ரலில் விழாவுக்குத் திட்டம் போட்டபோது தெரியும். மத்தில்ட் என்ற கெட்டிக்கார மாணவி கையை உயர்த்தி, "யாருக்குத் திறந்த மாலை வேண்டும் என்று வாசலில் வைத்துக் கேட்கலாமா?" என்றாள்.

"ஒரு பெண்ணை வாசலில் நிறுத்திக் கேட்கக்கூடிய கேள்வியா அது? எல்லா மாலையும் திறந்தே இருக்கட்டும். யாரையும் கேட்க வேண்டாம்," என்றாள் எலிசா.

வகுப்பு முழுவதும் தலையாட்டியது. எவ்வளவு நாகரிகமான ரீச்சர் என்று நினைத்திருக்கும். அவள் தனக்கு வேலி போட்டுக்கொண்டாள் என்று அதுகளுக்கு எப்படித் தெரியும்?

கோத்த மாலைகளை ஓர் இரவு குளிரில் வைக்கக் கல்லூரியில் இடமில்லை. மே பிறக்கும் காலத்துப் பார்க் எக்ஸ்டென்ஷன் பால்கனிக்கு எந்தக் குளிர்சாதனப் பெட்டியும் ஈடாகாது. எலிசாவும் ஷெரோனும் முதல் நாள் பூப்பெட்டிகளை மெற்றோவில் சுமந்து வந்து பால்கனியில் அடுக்கினார்கள். பிழை அங்கேதான் தொடங்கியது.

விடிந்ததிலிருந்து எலிசாவுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. காலைச் சாப்பாட்டுப் பாணைக் கையில் எடுத்தாள், வைத்தாள். கழிவறைக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். உடுப்பில் ஒரு துளி இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அத்தனை ஓட்டமும். இல்லை என்று கண்டதும் ஒரு பெருமூச்சு. அது தீர்வதற்குள் அடுத்த பயம் வந்துவிடும். இரண்டு மாதமாக இதுதான் அவள் பிழைப்பு.

"பிள்ளை, என்ன அடிக்கடி ஓடுறாய்? வயித்துக்கு ஏதும் செய்யுதோ?" குசினி அடுப்பருகிலிருந்து புஷ்பராணி கேட்டாள்.

"இல்லை மாமி. இண்டைக்கு விழா எண்டபடியால் ஒரு பதட்டம்."

"பதறாத. பூப்பெட்டியள் எல்லாம் நான் பாத்துச் சரிப்படுத்தி வச்சிருக்கிறன்."

மே மாதம் மாதாவின் மாதம் அல்லவா? புஷ்பராணி விடியமுன்னரே எழும்பி மாதா சுரூபத்துக்கு மாலை கட்டி முடித்திருந்தாள். நூலும் நீல ரிப்பனும் மேசையில் கிடந்தன. எலிசா அவற்றைக் கண்டாள். ஆனால் மீன் பொரித்த வாடை மூக்கில் ஏறி, மீண்டும் கழிவறைக்கே ஓட வைத்தது. "சரிப்படுத்தி" என்ற சொல்லை அவள் நின்று விசாரிக்கவில்லை.

வேலை முடிந்து வந்த றெனோல்ட் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பெட்டிகளைக் காரில் ஏற்றினான். மூன்று பெண்களையும் கல்லூரி வாசலில் இறக்கினான்.

"நீங்களும் வாங்கோவன்," என்றாள் எலிசா.

"கண்ணைக் கட்டுது எலிசா. நீர் வடிவாச் செய்யும். பின்னேரம் கதைப்பம்."

அவன் முகம் களைத்திருந்தது. இந்த வருடம் முழுவதும் அப்படித்தான். இரவு வேலை என்று எலிசா நினைத்துக்கொண்டாள்.

வகுப்பறை வாசலில் புஷ்பராணிக்குக் கோபம் வந்தது. ஹவாய் முறைப்படி, வந்தவர்கள் வெளியே நின்று ஓர் ஓதலைச் சொல்லி உள்ளே வர அனுமதி கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் பதில் ஓதி அழைத்த பிறகுதான் காலடி வைக்கலாம். முதல் வகுப்பன்று எலிசாவே அப்படித் தாழ்வாரத்தில் நின்றுதான் இந்தப் பிள்ளைகளிடம் அனுமதி கேட்டாள். இப்போது பெற்றோரும் ஆசிரியர்களும் மதாம் கரோலும் வரிசையாக வெளியே நின்றார்கள்.

"வா எண்டு கூப்பிட்டுப்போட்டு வாசல்ல நிப்பாட்டுறதோ? எங்கட வீட்டுக்கு வந்தால் இப்பிடிச் செய்வமே?" புஷ்பராணி முணுமுணுத்தாள்.

"அம்மா, சத்தம் போடாதேங்கோ. இது மரியாதை," என்று சொல்லிவிட்டு ஷெரோன் உள்ளே ஓடினாள்.

உள்ளே எலிசா நிற்க, மாணவர்கள் பெட்டிகளைத் திறந்தார்கள். வெள்ளைக் கார்னேஷன், ஊதா ஓர்க்கிட், பச்சை இலைச் சரம். ஒரு பூவும் வாடவில்லை. ஆனால் ஷெரோன் மட்டும் ஒரு மாலையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"அண்ணி, இஞ்ச பாருங்கோ. எல்லாம் கட்டியிருக்கு!"

எலிசா பார்த்தாள். ஒன்றல்ல, எல்லா மாலைகளும். இரண்டு முனையையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டு, அதன் மேல் அழகாக ஒரு நீல ரிப்பன் பூ. மாதாவுக்குக் கட்டும் அதே கட்டு. புஷ்பராணி சரிப்படுத்தி வைத்தது இதைத்தான்.

வெளியே ஓதல் தொடங்கிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் பதில் ஓதினார்கள். கதவு திறந்தது. விருந்தினர் உள்ளே வந்து சுவரோரமாக நின்றார்கள். முதல் மாலை ரீச்சருக்கு என்று பிள்ளைகள் தங்களுக்குள் முடிவு செய்திருந்தார்கள். மத்தில்ட் அறையிலேயே அழகான ஊதா மாலையை இரு கைகளிலும் ஏந்தி வந்தாள். அதிலும் நீல ரிப்பன் இருந்தது.

மதாம் கரோல் படமெடுக்கக் கைபேசியை உயர்த்தினார்.

எலிசா அந்த ரிப்பனையே பார்த்தாள். அவள் படித்தவள். பூமாலை பிள்ளையின் கழுத்தை நெரிக்காது என்று அவளுக்குத் தெரியும். வேறு யாராவது கேட்டிருந்தால் அரைமணி நேரம் நிறுத்தாமல் விளக்கம் சொல்லியிருப்பாள். ஆனால் போன தடவையும் அதற்கு முந்திய தடவையும் காரணம் இல்லை என்று டொக்டர்மார் கைவிரித்த பிறகு, எந்தக் காரணத்தைத்தான் அவளால் தள்ளிவிட முடியும்? இதைப் போட்டுக்கொண்டு, நாளைக்கே ஏதாவது நடந்துவிட்டால், வாழ்நாள் முழுவதும் இந்த ஊதாப் பூவைத்தானே நினைத்துக்கொண்டிருப்பாள்? அவளுக்குப் பயமாக இருந்தது. வேறு பெயர் சொல்ல ஒன்றும் இல்லை, பயம்தான்.

வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. சொல்லக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். தன்னுடையதை மட்டும் அவிழ்த்துத் தரச் சொன்னால், பெப்ரவரிப் பாடத்தைக் காதில் வாங்கிய அத்தனை பிள்ளைகளுக்கும் அந்த நொடியே விளங்கிவிடும். தவளை தன் வாயால் கெட்ட கதைதான்.

பூ நெற்றியில் முட்டியபோது அவள் மத்தில்டின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் பிரெஞ்சில், சிரித்தபடி. "எல்லா மாலையும் திறந்திருக்க வேண்டும் என்றுதானே பேசினோம்? ஒரே சீராகச் செய்வோம். கத்தரிக்கோல் யாரிடம் இருக்கிறது?"

கத்தரிக்கோல் வந்தது. மத்தில்டின் கையிலிருந்த தன் மாலையைத் தொடாமல், எலிசா பெட்டியில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நீல ரிப்பனை வெட்டினாள். பத்தோடு பதினொன்றாகத் தன்னுடையதும் போய்விடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். கணக்கு நல்ல கணக்குத்தான். ஒரே ஒரு ஆளை மட்டும் அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

"ஏன் பிள்ளை வெட்டுறாய்?"

புஷ்பராணியின் குரல் பெரிய குரல். கோயிலில் ஒலிபெருக்கி பழுதானாலும் அவள் வாசிக்கும் வாசகம் கடைசி வாங்கில் இருப்பவர்வரைக்கும் கேட்கும். தமிழ் தெரியாதவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"விடியப்புறம் எழும்பி இருந்து கட்டினனான். முனை கட்டாமல், செத்தவீட்டுப் பெட்டிக்கு மேல போடுற மாதிரிக் கிடந்துது. உன்ர விழாவுக்குக் குறை வரக்கூடாது எண்டுதானே செய்தனான்? எல்லாருக்கும் முன்னால வெட்டி எறியிறாய்!"

"மாமி, வீட்ட போய்ச் சொல்லுறன்."

"என்னத்தைச் சொல்லப்போறாய்?"

எலிசா கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. அடுத்த ரிப்பனை வெட்டினாள். அவள் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, பாடத்தில் எப்போதும் அறுபது புள்ளியைத் தாண்டாத ஷெரோன், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாடத்தைச் சுத்தமாக ஒப்பித்தாள்.

"அம்மா, அண்ணியில பிழையில்லை. இது ஹவாய்க்காரற்ற வழக்கம். பிள்ளைத்தாச்சிக்கு முனை கட்டின மாலை போடக்கூடாது. பிள்ளையின்ர கழுத்தில கொடி சுத்துமாம். ஆர் பிள்ளைத்தாச்சி எண்டு கேக்கிறது வடிவில்லை எண்டு அண்ணிதான் எல்லாத்தையும் திறந்து விடச் சொன்னவ."

"இஞ்ச ஆர் பிள்ளைத்தாச்சி?"

புஷ்பராணி அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஓய்வூதியத்துக்கு நாள் பார்த்திருக்கும் மதாம் கரோலைப் பார்த்தாள். தாடி வைத்த இரண்டு ஆசிரியர்களைப் பார்த்தாள். அரும்பு மீசைப் பொடியன்களையும் பல்லுக்குக் கம்பி போட்ட பெட்டைகளையும் பார்த்தாள். கடைசியில் கத்தரிக்கோல் பிடித்திருந்த கையில் அவள் பார்வை வந்து நின்றது. அந்தக் கை இன்னும் ரிப்பனை வெட்டிக்கொண்டிருந்தது.

காலையில் அடிக்கடி ஓடியது, கடிக்காமல் வைத்த பாண், இரண்டு மாதமாகக் கோப்பி வேண்டாம் என்றது. எல்லாம் ஒன்றாக வந்து கூடியிருக்க வேண்டும். புஷ்பராணியின் வாய் திறந்தது.

எலிசா முடிந்தது என்று நினைத்தாள். நாளைக்குப் பூசை, நாளை மறுநாள் கேக்.

புஷ்பராணி வாயை மூடினாள். நடந்து வந்து மருமகளின் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கினாள்.

"விடு. நான் கட்டினதை நானே வெட்டுறன்."

ஒவ்வொரு மாலையாக எடுத்து, ரிப்பனை வெட்டி, பூ உதிராமல் பிள்ளைகளின் கையில் கொடுத்தாள். மத்தில்டிடம் இருந்த ஊதா மாலைக்கு வந்ததும் கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். அந்த ஒரு முடிச்சை மட்டும் நகத்தால் கிளறி, பல்லால் இழுத்து, மெல்ல மெல்ல அவிழ்த்தாள். தானே போட்ட முடிச்சு, சுலபத்தில் அவிழுமா? விருந்தினர் பொறுமையாக நின்றார்கள். இதுவும் ஹவாய்ச் சடங்கு என்று நினைத்திருப்பார்கள்.

அவிழ்ந்த மாலையை மத்தில்ட் எலிசாவின் தோளில் போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். புஷ்பராணிக்குத் தெரிந்த பிரெஞ்சு இரண்டே சொல். அதில் நன்றிக்கான சொல்லைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். "மெர்சி. மெர்சி. மெர்சி."

ஷெரோன் சிநேகிதிகளோடு நின்றுவிட்டாள். ஊரார் வழக்கத்தை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தன் வீட்டில் நடப்பது விளங்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

மாமியும் மருமகளும் மெற்றோவில் வீடு திரும்பினார்கள். ஜான்-தலோன் நிலையத்தில் இறங்கி நீலப் பாதை ரயிலுக்கு மாறும் வரைக்கும் புஷ்பராணி ஒரு சொல் பேசவில்லை. அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து எலிசா கண்டதே இல்லை. நல்ல காய்ச்சலில் கிடந்தபோதுகூட ஏதாவது பேசிக்கொண்டிருந்தவள்.

ரயில் புறப்பட்டதும் கேட்டாள். "எத்தினை மாசம்?"

"மூண்டு நடக்குது."

"தம்பிக்கு?" மகனை அவள் தம்பி என்றுதான் சொல்வாள்.

"இன்னும் சொல்லேல்லை மாமி. ஸ்கான் முடியட்டும் எண்டு இருக்கிறன்."

"எனக்குத் தெரியக்கூடாது எண்டுதானே அவனுக்கும் சொல்லேல்லை?"

பொய் சொல்லலாம். சொன்னால் அவள் நம்பவும் கூடும். ஆனால் பல்லால் முடிச்சவிழ்த்தவளிடம் பொய் சொல்ல எலிசாவுக்கு மனம் வரவில்லை.

"ஓம் மாமி. போனமுறை கோயில்ல எல்லாருக்கும் சொல்லிப்போட்டியள். பேந்து எல்லாரும் என்னைப் பாவமெண்டு பாத்தவை. பிள்ளை போனதைவிட அதைத்தான் என்னால தாங்கேலாமல் இருந்தது. தமிழ்ப் பூசைக்கு வராமல் விட்டனே, அது வேலையால இல்லை."

புஷ்பராணி எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுரங்கத்தின் இருட்டில் அவள் முகமே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"சந்தோசத்தில சொன்னனான் பிள்ளை."

"தெரியும்."

"சரி. இனி நான் ஊமை. நீ சொல்லு எண்டு சொல்லுமட்டும் அவனுக்கும் சொல்லமாட்டன், அந்தப் பங்குச் சாமிக்கும் சொல்லமாட்டன்."

பார்க் நிலையத்தில் படியேறும்போதே சோதனை வந்தது. பலசரக்குப் பைகளோடு எதிரே வந்தான் கிறகரி. கோயில் பாடகர் குழுவில் இருப்பவன். அவன் காதில் ஒன்று விழுந்தால் மறுநாள் ரொறன்ரோவில் கேட்கும்.

"என்ன புஷ்பமக்கா, முகமெல்லாம் சிரிப்பாக் கிடக்கு? ஏதும் விசேசமோ?"

புஷ்பராணியின் உதடு துடித்தது. தொண்டைவரைக்கும் வந்ததை அவள் விழுங்கியதை எலிசா தன் கண்ணால் கண்டாள்.

"விசேசம் என்ன? மாதா மாதம் துவங்கிட்டுது. பூ வாங்கப் போனனாங்கள்," என்று சொல்லி, மருமகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விறுவிறு என்று மேலே ஏறினாள். பாதிப் படியில் நின்று, "ஐயோ, மெதுவா வா பிள்ளை, மெதுவா," என்று தன்னைத் தானே கடிந்துகொண்டாள்.

எலிசாவுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக மனம் கொஞ்சம் இலேசானது. ஒருத்திக்காவது தெரியும். கூட இருந்து பயப்பட ஒரு ஆள்.

வாயைக் கட்டிக்கொண்டால் சந்தோஷம் வேறு வழியாக வெளியே வரும் போலிருக்கிறது. புஷ்பராணிக்கு அது அடுப்பு வழியாக வந்தது. றெனோல்ட் மாலையில் வேலைக்குப் புறப்பட எழும்பி வந்தபோது மேசையில் மீன் சினைப் பொரியல், கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை, அப்பளம். மாதா சுரூபத்துக்கு முன்னால் வழக்கமாக ஒரு மெழுகுதிரி. அன்று மூன்று.

"என்னம்மா, இண்டைக்கு ஆருக்குப் பெருநாள்?"

"ஒருத்தருக்கும் இல்லை. இருந்து சாப்பிடு." புஷ்பராணி அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகையில் சம்பலுக்கு வெட்டத் தொடங்கினாள்.

றெனோல்ட் உட்காரவில்லை. எரியும் மெழுகுதிரிகளைப் பார்த்தான். சுரூபத்தின் காலடியில் தாய் மடித்து வைத்திருந்த நேர்த்திக்காசைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"அம்மா, பிள்ளை வேணுமெண்டு திரும்பவும் நேத்தி வச்சிருக்கிறியள் என்ன?"

கத்தி மட்டும் பலகையில் டக் டக் என்று கேட்டது.

"வேண்டாம் அம்மா. இனி வைக்காதேங்கோ." அவன் கதிரையை இழுத்து உட்கார்ந்தான். "எலிசா, நீரும் இப்பிடி இரும். உம்மட்டச் சொல்ல எத்தினையோ நாளா வாயெடுக்கிறன். நான் டொக்டரிட்டப் போனனான். ஆம்பிளையளுக்குச் செய்யிற சின்ன ஒப்பரேசன். வாற வெள்ளிக்கு நாள் தந்திருக்கினம்."

எலிசாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்?" என்றாள்.

"போனமுறை உமக்கு ரத்தம் நிக்கேல்லை. நேர்சுமார் ஓடின ஓட்டம் உமக்குத் தெரியாது, நீர் மயங்கிக் கிடந்தனீர். நான் கதவுக்கு வெளியில நிண்டு பாத்தனான். ஒருத்தி வந்து, மனுசிக்குச் சொந்தக்காரர் ஆரும் இருந்தால் வரச் சொல்லும் எண்டவள்." அவன் கையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "லொறி ஓடேக்கையும் அதுதான் கண்ணுக்குள்ள நிக்குது. நித்திரையிலயும் அதுதான். எனக்குப் பிள்ளை வேண்டாம் எலிசா. நீர் இருந்தால் காணும். மூண்டாந்தரம் அந்தக் கதவுக்கு வெளியில என்னால நிக்கேலாது."

இரவு வேலைக் களைப்பு என்று அவள் நினைத்திருந்த முகம் இதுதானா? தாய்க்குத் தெரிந்துவிடும் என்றும், அவனுக்கு இன்னொரு ஏமாற்றம் வரக் கூடாது என்றும் அவள் மறைத்தாள். அவளுக்கு மனம் உடையக் கூடாது என்று அவன் மறைத்தான். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு பயத்தைப் போர்வைக்குள் வைத்திருந்திருக்கிறார்கள். அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அவன் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் கையெடுத்தால் வாயும் திறந்துவிடும். திறந்தால், இப்போது அவன் சொன்ன பயத்தின் நடுவிலேயே அவனைக் கொண்டுபோய் மறுபடி நிறுத்திவிடுவாள்.

கத்திச் சத்தம் நின்றிருந்தது.

றெனோல்ட் திரும்பிப் பார்த்தான். தாயின் தோள்கள் குலுங்கின. அவள் சேலைத் தலைப்பால் வாயை இறுக்கப் பொத்தியிருந்தாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"அம்மா? ஏன் அழுறியள்?"

"அழேல்லை. வெங்காயம்," என்றாள் புஷ்பராணி.

றெனோல்ட் எழுந்து வந்து பலகையைப் பார்த்தான். அதில் தக்காளி மட்டும்தான் இருந்தது.

அவன் மெல்லத் திரும்பி எலிசாவைப் பார்த்தான்.